லயமும் நோயும்: பெருந்தோட்டக் குடியிருப்பின் சுகாதார வரலாறு

இலங்கைப் பெருந்தோட்டத் தொழிலாளரின் நோய், மரணம் பற்றிக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் எழுந்த எழுத்துக்களை நோக்குமிடத்து, ஒரு விளக்கம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். தொழிலாளர் அசுத்தமான பழக்கங்களையுடையோர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நோயையும் உடன்கொண்டு வந்தோர். ஆதலின் நோயுற்றனர் என்பதே அவ்விளக்கமாகும். மக்களின் பழக்கத்தை ஆராய்ந்த அளவுக்கு அவர்கள் வாழ்ந்த கட்டடத்தையும், அக்கட்டடத்தைச் சூழ்ந்த மண்ணையும் நீரையும் ஆராயும் ஆர்வம் அவ்வெழுத்துக்களிற் பொதுவாகக் காணப்படவில்லை.

லயத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்குக் கோப்பிக் காலத்துக்குச் செல்லுதல் வேண்டும். 1830களிலிருந்து கண்டி மலைநாட்டிற் பரவிய கோப்பிச் செய்கைக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்து வந்தோர், வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் போக எஞ்சியோர், சில மாதங்கள் உழைத்து ஊர் திரும்பினர். சில மாதங்கள் மட்டும் தங்குவோனுக்கு வீடு எதற்கு என்பது தோட்டத்துரையின் கணக்கு. ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளே போதுமெனக் கருதப்பட்டது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுத்தல் வேண்டும். பருவத்துக்கு வந்துபோன ஆண்களுக்குப் பதிலாகப் பெண்களும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பங்கள் நிலையாகத் தங்கலாயின. தொழில் மாறியது, சனத்தொகையின் தன்மை மாறியது, குடியிருப்பின் வடிவம் மாத்திரம் மாறவில்லை. தங்குமடமாக எண்ணப்பட்ட ஒன்று தலைமுறைகள் பிறந்து இறக்கும் ஊராகிவிட்டது. பிற்காலத்துச் சுகாதாரச் சீர்கேடுகள் பலவற்றின் வேர் இம்முரண்பாட்டிலேயே உள்ளது.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்டது. முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒற்றை வரிசை லயத்திலாவது பின்சுவரில் ஒரு துவாரம் வைக்க இடமுண்டு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயத்தில் அதற்கும் வழியில்லை. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுதல் அங்கு இயலாது. ஈர விறகின் புகை தகரக் கூரையின்கீழ்த் தேங்கும். மலைக் குளிரின் காரணமாகக் கதவும் அடைக்கப்படும். பெற்றோர், மணமான மகன், பேரப்பிள்ளைகள் ஆகியோர் ஓரறையிற் படுத்துறங்குமிடத்து, ஒருவரின் இருமல் அனைவரினதும் இருமலாவதற்கு எவருடைய பழக்கமும் காரணமாக வேண்டியதில்லை. நல்ல நிலம் தேயிலைக்கு உரியது. சரிவும் பள்ளமும் லயத்துக்கு உரியன. வாசலையொட்டி ஓடும் கானுவும், பலருக்குப் பொதுவான ஒரு பீலியும் அதன் நீர் ஏற்பாடுகள். கங்காணியின் பார்வைக்குள் அனைவரும் இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நோக்கங்களுள் ஒன்று.

அரசு முற்றாக வாளாவிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டங்களிலிருந்து பணம் அறவிட்டு வைத்திய வசதி செய்ய முற்பட்டது. ஆயினும் அது விழுந்த பின் தூக்கும் சட்டமே. விழவைத்த சூழலை அது தொடவில்லை. தொழிலாளர் வாழும் கட்டடங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்ட நிர்வாகியின் கடமையென வரையறுத்தது 1912ஆம் ஆண்டுச் சட்டமாகும்.

கொழுக்கிப்புழுவின் கதை இங்கு விரிவாக நோக்கத்தக்கது. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவுக்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேலானோரிடம் புழு காணப்பட்டது. புழுவின் முட்டை மலத்துடன் மண்ணைச் சேர்கிறது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் குடம்பி வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இறுதியிற் குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சுகிறது. மலகூடமற்ற லயம், அதன் பின்னாலுள்ள செடிமறைவு, ஓயாத மழை, செருப்பறியாத பாதம் ஆகிய நான்கும் கூடிய இடம் புழுவுக்கென்றே அமைத்துக் கொடுத்தது போன்றதாகும். குருதி குன்றியவனால் மலையேற முடியாது. கருவுற்ற பெண்ணுக்கோ அது உயிராபத்து. இவ்வாறு சோர்ந்தவனைத்தான் சோம்பேறியென்று பெயரேட்டிற் குறித்தனர்.

திமோலும் கெனோபோடியம் எண்ணெயும் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாயிருந்தது. தொழிலாளியின் உழைப்புத்திறன் பெருகுமாதலால் துரைமாரும் மருந்தை விரும்பினர். மலகூடம் கட்டுவதோ செலவு. அதில் வேகம் காணப்படவில்லை. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. மருந்துண்டவன் அதே மண்ணை மிதித்து மீண்டும் புழுவைப் பெற்றான். மலகூடம் கட்டப்பட்ட இடங்களிலும் மக்கள் அதனைப் பயன்படுத்தவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நீரின்றி, துப்புரவின்றி, லயத்துக்குத் தொலைவில், இரவிற் பெண்கள் செல்ல அஞ்சும் இடத்தில் அமைந்த ஒன்றைப் பயன்படுத்தாமை பழக்கத்தின் குற்றமா, அமைப்பின் குற்றமா என்பது வினாவுக்குரியது.

சூழல் எப்போதும் தீமையே செய்தது எனவும் கொள்ளலாகாது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிய கேகாலை, குருநாகல் மாவட்டங்களையே கடுமையாகத் தாக்கிற்று. உயர்ந்த தேயிலை மலைகளில் நுளம்பு பெருகுவதற்கேற்ற வெப்பம் இன்மையால் அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் தப்பினர். கட்டணமின்றி மலை அளித்த காப்பு அது!

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் சுகாதார வரலாற்றிலும் இடம்பெற வேண்டியது. குடியுரிமையும் அதன் வழி வாக்குரிமையும் இழந்த மக்களின் கானுவையும் கூரையையும் பற்றிப் பாராளுமன்றத்திற் கவலைப்படவேண்டிய தேவை எவருக்கும் இல்லாது போயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. லயங்கள் லயங்களாகவே நின்றன. அதே காலத்து உணவுப் பஞ்சத்தின்போது, 1974இல், தோட்டங்களிற் குழந்தை இறப்பு வீதம் ஆயிரத்துக்கு நூறுக்கு மேற்பட்டது. நாட்டின் பொதுவான வீதம் அதனிலும் மிகக் குறைவு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ், தோட்ட நிலம் நிர்வாகத்தின் உடைமையெனக் கருதப்பட்டமையால், அங்குள்ள பாதைக்கும் வடிகாலுக்கும் சபை நிதியைச் செலவிடத் தடையிருந்தது. வாக்குரிமை மீண்டபின்னும், தாம் வாக்களித்த சபை தம் வாசற் கானுவைத் திருத்த இயலாத நிலையில் மக்கள் வாழ்ந்தனர். அத்தடை 2018இற் கொண்டுவரப்பட்ட திருத்தத்தினாலேயே நீங்கியது.

சரிவும் பள்ளமும் லயத்துக்கு என்ற பழைய பங்கீடு 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவாக இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கப்பட்டோர் செல்வதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த காம்பரா அவர்களுக்குச் சொந்தமாயிருந்ததுமில்லை.