சிற்றூராகிப்போன பட்டினம்

கோடை விடுமுறை வந்தால் இராயபுரத்துக் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுவது வழக்கம். வடக்கே, ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஊர் ஒன்று இருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புறநகர் இரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு. கட்டுச்சோறு ஒரு மூட்டை இருந்தால் போதும். பங்கு இளைஞர்களோடு நாங்கள் அங்குச் சென்ற நாளில், எண்ணூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஏரிக்கரையில் நின்றபடி, "எவ்வளவு அமைதியான சின்ன ஊர், ஃபாதர்!" என்று வியந்தார். அமைதியான ஊர்தான். ஆனால் அது ஏன் சின்ன ஊராக இருக்கிறது என்னும் கேள்வி எங்களை விடவில்லை.

சென்னை என்றொரு நகரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பழவேற்காடு பெரிய துறைமுகமாக விளங்கிற்று. விசயநகர ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து துணிகள் மலாக்காவுக்குக் கப்பலேறின. மலாய் மக்கள் இன்றும் கட்டம்போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்றே அழைக்கிறார்கள். ஐரோப்பியர் இவ்வூருக்கு வழங்கிய 'புலிகாட்' என்ற பெயரே அதில் ஒலிக்கிறது. 1517ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து திரும்பிய போர்த்துக்கீசியர் சிலர் இங்கே கரையிறங்கினர். உடன் வந்த அர்மீனிய வணிகர் ஒருவர் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, புனித தோமாவின் கல்லறை என மக்கள் போற்றிய இடத்தைக் காட்டினார். சாந்தோமின் போர்த்துக்கீசிய வரலாறு இந்தத் துறையிலிருந்துதான் நடந்து சென்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்! இவ்வூரின் மகிமை மாதா ஆலயமும் 1515இல் தொடங்கியது என்பது வழிவழி வந்த மரபு.

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கடற்கரை வணிகம் முழுவதற்கும் இதைத் தலைமையிடமாக்கினர். 1621இல் ஆங்கிலேயரும் இங்குக் கடைவிரித்தார்கள். ஒல்லாந்தரோடு ஒத்துப்போக இயலாமல் 1623இல் வெளியேறி, வடக்கே ஆர்மகானில் சிலகாலம் தங்கி, 1639இல் சென்னையின் மணல்மேட்டை வந்தடைந்தார்கள். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் ஜார்ஜ் கோட்டை எங்கே எழுந்திருக்கும்? நம் இராயபுரம் என்னவாகியிருக்கும்? விடையில்லாத கேள்விதான், ஆயினும் கேட்டுப்பார்ப்பதில் ஒரு சுவை உண்டு.

1690இல் ஒல்லாந்தர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் பழவேற்காடு தேயத் தொடங்கியது. ஆங்கிலேயரோடு நடந்த போர்களில் ஊர் கைமாறிக் கைமாறி, கோட்டையும் இடிக்கப்பட்டு, 1825இல் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குள் வணிகம் சென்னைக்குப் போய்விட்டிருந்தது. இன்று நாம் ரசிக்கும் அமைதி, வணிகம் கைவிட்டுப் போனபின் எஞ்சிய அமைதி.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் நெடுநேரம் நின்றோம். வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே குடும்பச் சின்னங்களும் அழகிய எழுத்துகளும் பொறித்த பெருங்கற்கள். வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், பச்சிளங்குழந்தைகள். இளைஞர்கள் கற்களருகே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் இக்கற்களில் இல்லாத பெயர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசியால் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் பிடிபட்டவர்களும் இக்கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். அந்த வணிகத்தில் பழவேற்காடு முக்கியத் துறை. போர்த்துக்கீசியரும் இந்தப் பாவத்தில் கைநனைக்காதவர் அல்லர். விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்கள் என்பதற்காக நாம் அதை மூடிப்பேசுவது முறையாகாது. கல்லறைத் தோட்டத்தில் இறந்தோருக்காக ஒரு செபம் சொன்னோம். கல்லில்லாதவர்களையும் சேர்த்தே சொன்னோம்.

எண்ணூரின் கதை இதற்கு நேர்மாறானது. ஆங்கிலேயர் காலத்துச் சென்னைவாசிகள் ஓய்வுக்கும் படகுச் சவாரிக்கும் நாடிச் சென்ற இடம் அது! 1806இல் காக்ரேன் கால்வாய் எண்ணூர் வரை திறக்கப்பட்டது. பின்னர் பக்கிங்காம் கால்வாயாக நீண்ட அந்த நீர்வழியில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பட்டணத்துக்கு வந்தன. பழவேற்காட்டை விட்டு வணிகம் போயிற்று. எண்ணூரைத் தேடித் தொழில் வந்தது. 1970இல் அனல்மின் நிலையம், 2001இல் புதிய துறைமுகம், கழிமுகத்தில் சாம்பல், 2017இலும் 2023இலும் எண்ணெய்க் கசிவு. அந்த அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. சாம்பல் மூடிய நீர் பழையபடி ஆகிவிடவில்லை. தொழில் வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. நம் பங்கு வீடுகளில் பாதி அந்த ஊதியத்தில்தான் உலை வைக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களை வலியவர் பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. இன்று உனக்கு வாய்த்த இடம் நாளை எனக்கு. எழுதிய சட்டத்துக்கு முந்திய நீதி அது. நீர் கெட்டால் அந்த நீதிக்குப் பகிர எதுவும் இராது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இவ்வூர் மீனவர்கள் எதிர்த்து வந்திருப்பது இந்த அச்சத்தால்தான்.

மாலையில் பனையோலைப் பெட்டிகளும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அத்திப்பட்டு நெருங்கியதும் இரயில் சன்னலில் புகைபோக்கிகள் தென்பட்டன. காலையில் ஊரை வியந்த அந்தத் தம்பி அவற்றைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "எங்க தாத்தாவும் எண்ணூர்ல பாட்டுக்குப் போனவர்தான், ஃபாதர்." எந்த இடத்தில் என்று கேட்டோம். சாம்பல் மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.