புலம்பெயர்வும் உறவுப்பெயர்களும்: திருநங்கையர் சமூக உருவாக்கம்

பிறந்த ஊரை நீங்குதல் தமிழ்த் திருநங்கையர் பலரின் வாழ்வில் ஓர் இழப்பாக மட்டும் அமைவதில்லை. புதிய சமூகம் ஒன்றனுள் புகும் வாயிலாகவும் அமைகிறது. பாலடையாளம் உள்ளத்தே தோன்றும் உணர்வாயினும், அதற்குப் பெயரும் புகலிடமும் தருவது உறவுவலையே என்பதை அவர்தம் சொல்வழக்குகள் புலப்படுத்துகின்றன.

ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குரிய பால்முடிபைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கிறது. சிலப்பதிகாரம் சுட்டும் பதினோராடலுள் பேடும் ஒன்று. எனினும், இன்றைய சமூக அமைப்பை உணர்த்தும் சொற்கள் இம்மரபினின்றும் தோன்றியவை அல்ல. 'ஜமாத்' அரபு மூலமுடையது. 'சேலா', 'நானி' ஆகியன இந்தி வழக்கு. வடபுல ஹிஜ்ரா அமைப்புடன் ஏற்பட்ட தொடர்புக்கு இவை சான்றாகின்றன. குருவை அடுத்தவர் சேலா; குருவின் குரு நானி. 'அம்மா', 'மகள்' என்னும் தமிழ் உறவுப்பெயர்களும் இவற்றுடன் இணைந்து வழங்குகின்றன.

தன்வரலாறுகளும் இதற்கு அரண் செய்கின்றன. நாமக்கல் பகுதியில் பிறந்த ரேவதியின் 'வெள்ளை மொழி' தில்லி, மும்பை, பெங்களூர் என விரியும் பயணத்தைப் பதிவு செய்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்னும் நூலில் புனேயும் ஆந்திரத்துக் கடப்பாவும் இடம்பெறுகின்றன. பல நகரங்களில் சிதறி வாழ்வோர் சித்திரை முழுநிலவையொட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஒன்றுகூடுகின்றனர். அரவானுக்கு மனைவியராகித் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதனை அறுத்துக் கைம்மை பூணுவதும் அவர்களை ஒரே சமூகத்தினராக உணரச் செய்கின்றன.

இவ்வமைப்பு காப்பு மட்டுமன்று, கட்டும் ஆகும். உணவும் உறைவிடமும் தரும் குருவுக்குச் சேலா பணிவும் வருவாயில் பங்கும் தருதல் வேண்டும். நெறி பிறழ்வோர்க்கு ஜமாத் தண்டம் விதிப்பதுண்டு.

தமிழக அரசு 2008 இல் இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்தது. தம் பாலடையாளத்தைத் தாமே உறுதி செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 இல் ஏற்றது. ஆயின், 2019 ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தைக் குருதி, திருமணம், சட்டமுறைத் தத்து ஆகியவற்றால் அமைவதாகவே வரையறுத்தது. தனிமனித அடையாளம் ஏற்கப்பட்டது. அதனைப் பேணி வளர்த்த உறவோ வரையறைக்குப் புறத்தே நின்றது. பிறந்த வீடு கைவிட்ட நாளில் அடைக்கலம் தந்த குருவும், முதுமையில் அக்குருவைப் பேணும் சேலாவும் அவ்வரையறையின்படி ஒருவர்க்கொருவர் அயலாரே. வழக்கில் வாழும் உறவுப்பெயர்கள் சட்டத்தின் சொல்லடைவில் இடம்பெறாமையின் விளைவு இதுவாகும்.