நோட்டுக்குப் பிணை யார்? 1884 தரும் பாடம்

எங்கட இளைஞர் மத்தியில் பிட்கொயின் பற்றிய பேச்சு வந்தால், கூடவே ஒரு கேள்வியும் வரும்: “இதுக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலை?” இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள நமது நாட்டுச் சரித்திரமே உதவும். இங்கே ஒரு காலம் நாணயத்தாள்களை வெளியிட்டதே தனியார் வங்கிகள்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் பொருளாதாரம் கோப்பியில் நின்றது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளுள் முதன்மையானது ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன். அதன் நோட்டு துரைமாரின் பெட்டியோடு நிற்கவில்லை. அரிசிக்கும் புடவைக்கும் கைமாறி, கடைக்காரரின் லாச்சிக்கும் வந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்தது ஒரு வங்கியின் வாக்கு மட்டுமே: கேட்டால் காசு தருவோம்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. வங்கியின் நட்டங்களோடு, திரும்பி வராத தோட்டக் கடன்களும் சேர்ந்தன. 1884 மே 3ஆம் திகதி வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. நேற்றுவரை காசாக இருந்தது, அன்று வெறும் தாளாகும் நிலை.

அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேணும். அவர் பொறுப்பேற்றது நோட்டுக்கு மட்டும். வங்கியில் வைப்பிலிட்டவர்களுக்கு அந்தப் பிணை இல்லை. அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நோட்டு வெளியிடுவது அரசாங்கத்தின் வேலையாயிற்று. வெளியிடும் நோட்டுக்கு ஈடாக வெள்ளி ரூபாயும் பிணைப்பத்திரமும் வைக்கப்பட்டன. 1950இல் அந்தப் பொறுப்பு மத்திய வங்கிக்கு வந்தது. ஆக, சட்டம் வந்தது நட்டத்துக்குப் பிறகுதான்.

பிட்கொயினை வெளியிடும் வங்கி எதுவும் இல்லை. ஆகவே அப்படியொரு வங்கி முறியவும் மாட்டாது என்பார்கள். அது சரிதான். ஆனால் அதை வாங்கி விற்கும் இடைநிலை நிறுவனங்கள் முறியும். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் வீழ்ந்தபோது, அதில் பணம் வைத்திருந்தவர்கள் 1884இன் வைப்பாளர்களைப் போலவே நின்றார்கள். பிணை நிற்க ஒரு கோர்டனும் வரவில்லை; வங்குரோத்து நீதிமன்றத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நமது மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் விடுத்த அறிவித்தல்களில் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னது. மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றது. டெபிட், கிரெடிட் கார்டுகளால் அவற்றுக்குப் பணம் செலுத்தவும் தடை விதித்தது. எச்சரிப்பது ஒரு விஷயம், பொறுப்பேற்பது வேறொரு விஷயம். தடை இருந்தும் காசு போட்டவர் ஏமாந்தால், முறையிடப் போக இடமில்லாமல் போகலாம். உரிமம், கணக்காய்வு, வாடிக்கையாளர் பணத்தைப் புறம்பாக வைத்தல் போன்ற விதிகளின் தேவை அங்கேதான் தெரிகிறது.

கடனுக்குப் பிணை நிற்பவரை ஃபிக்ஹில் கஃபீல் என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனைக் காட்டி, “இதில காசு போடுங்க காக்கா” என்று சொல்லும்போது, இலாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முதல், இதுக்குக் கஃபீல் யார் என்று கேட்போம்.