களமும் மனையும்: இரண்டாம் உலகப்போரும் செட்டிநாட்டு இல்லங்களும்

தமிழ் இலக்கணம் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தது. காதலும் மனையறமும் அகத்தின்பாற்பட்டன. போரும் கொடையும் புறத்தின்பாற்பட்டன. தொல்காப்பியர் வெட்சி முதலிய திணைகளை வகுத்தவிடத்துப் போருக்கு ஒரு தொடக்கமும் ஒரு களமும் ஒரு முடிவும் காட்டினார். போர் தொடங்குமுன் ஆவினங்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வர்ப் பேறில்லாதாரும் காவலான இடம் சேருமாறு அறிவிக்கும் நெறியைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி மீது நெட்டிமையார் பாடிய பாட்டு (புறம். 9) உணர்த்துகின்றது. பண்டைப் போர் மனையைத் தீண்டியதே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. பகைவர் நாட்டை எரியூட்டல் புறத்துறைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. எனினும் எரிந்தது பகைவேந்தன் நாடே. போருக்குத் தொடர்பில்லாத சேய்மை நாட்டு மனையை அத்தீ எட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் போர் இவ்வெல்லையை அழித்தது. முதல் உலகப்போரில் செருமானியப் படையை நடத்திய லூடன்டார்ஃப், 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை 'முழுப்போர்' என்று பெயரிட்டு விளக்கினார். படைஞரோடு உழவர், தொழிலாளர், வணிகர், பெண்டிர், சிறுவர் அனைவரும் போருக்குள் அடங்குவர் என்பது அதன் கருத்து. அத்தகைய போர் தன் மண்ணில் ஒரு களமும் காணாத நாட்டை எவ்வாறு தாக்கிற்று என்பதைச் செட்டிநாட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போரின் இலக்கியத்தை எத்திணையில் வைப்பது என்னும் வினாவும் இவ்வாய்வில் எழும்.

1. பிரிவும் அதன் கால எல்லையும்

காரைக்குடியைச் சூழ்ந்த நேமத்தான்பட்டி போன்ற ஊர்களில் நெடிய தெருக்களையும், முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் உடைய பெருவீடுகளையும் காண்கிறோம். இவ்வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. சுவர்களிற் பதித்த வண்ண ஓடுகள் பல சப்பானிலிருந்து வந்தவை. பின்னாளிற் பகையாக மோதிய நாடுகள் ஒரு வீட்டின் தூணிலும் சுவரிலும் இணங்கி நிற்கின்றன. இவற்றை எழுப்பிய செல்வம் நகரத்தார் 'கொண்டுவிற்கப்' போன நாடுகளிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் பர்மா, மலாயா, இலங்கை, சுமத்திரா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் அவர்தம் வட்டிக்கடைகள் பெருகின. 1930களின் இறுதியில் கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் காற்பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. நிலம் வாங்கும் நோக்கத்தால் வந்ததன்று இது. 1930ஆம் ஆண்டை ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது கடன் தீர்க்கவியலாத உழவர் நிலங்கள் ஈடாக வந்து சேர்ந்தன. அந்நிலமே பர்மிய உழவரின் மனக்கசப்புக்கும் காரணமாயிற்று என்பதை மறைத்தல் கூடாது.

இவ்வாழ்வு பொருள்வயிற் பிரிவைத் தன் அச்சாகக் கொண்டது. ஆடவர் கடல் கடந்தனர். பெண்டிர் பெரும்பாலும் ஊரில் தங்கினர். மகளிரோடு கடற்செலவு இல்லை என்னும் தொல்காப்பிய விதி இருபதாம் நூற்றாண்டிலும் இங்கே ஏறத்தாழ வழக்கிலிருந்தது எனலாம். கல்விப் பிரிவுக்கு மூன்றாண்டையும் ஏனையவற்றுக்கு ஓராண்டையும் எல்லையாக வரைந்தது அந்நூல். செட்டிநாட்டிலும் ஓர் எல்லை இருந்தது. சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போன மேலாளும் அடுத்தாளும் மூன்றாண்டு அளவில் கணக்கு முடித்து ஊர் திரும்புதல் மரபு. திரும்பும் நாள் தெரிந்திருந்தமையால் ஆச்சிமார் பிரிவை ஆற்றினர். காலவரை உடைய பிரிவு இல்லறத்தின் ஒரு பகுதி. காலவரை இழந்த பிரிவு வேறொன்று. போர் முதலில் அழித்தது இக்காலவரையையே.

2. இரங்கூனும் வழிநடையும்

1941 திசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. திசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது குண்டுமாரி பொழிந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நகரின் நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்திற் சுமை தூக்கியவரும், ஆலையில் உழைத்தவரும், மொகல் தெருவிற் கணக்கெழுதியவரும் ஒருசேர ஓடத் தொடங்கினர். 1942 மார்ச்சு 8ஆம் நாள் நகரம் வீழ்ந்தது.

கப்பலில் இடம்பெற்றோர் சிலர். ஏனையோர் அரக்கான் மலைவழியாகவும், சிந்துவின் ஆற்றைக் கடந்து தாமு வழியாக மணிப்பூருக்கும், இறுதியில் ஊக்கோங் பள்ளத்தாக்கின் வழியாகவும் நடந்தனர். நடந்தோர் தொகை நான்கு இலட்சத்திற்குக் குறையாது என்பர் வரலாற்றறிஞர். காலராவாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். செல்லும் வழிகளிலும் வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் வேற்றுமை காட்டப்பட்டதென்று காங்கிரசுப் பேரவை அவ்வாண்டிலேயே கண்டித்தது. இரங்கூனில் 'ஜோதி' என்னும் இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் துணைவியாருடன் நடந்தே இந்தியா மீண்டார். அவர் எழுதிய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' இப்பெருந்துயருக்குத் தமிழில் நாம் பெற்ற முதன்மையான சான்று.

காஞ்சித்திணைத் துறைகளுள் 'முதுபாலை' என்பது ஒன்று. கடுஞ்சுரத்தின் நடுவே கணவனை இழந்த பெண் தனித்துப் புலம்புதல் அதன் பொருள். உரைகாரர் காட்டும் துறை விளக்கமாக மட்டும் நாம் கற்றுவந்த அந்நிலை, 1942ஆம் ஆண்டின் கோடையில் பர்மா மலைவழிகளில் ஆயிரம் முறை நிகழ்ந்தது.

3. மலாயாவும் படைஞரும்

மலாயாவில் இருந்தோர்க்கு ஓடுவதற்கும் வழியில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் பணிந்தது. இடம்பெயராமலே அங்குள்ள தமிழர் பகைநாட்டுக் குடிகளாயினர். தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாகச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942 முதல் 1943 அக்டோபர் வரை அமைக்கப்பட்டது. அதில் உழைத்த போர்க்கைதிகள் அறுபதாயிரவர். ஆசியத் தொழிலாளர் அவர்களினும் மும்மடங்கினர். கைதிகளின் சாவுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. தொழிலாளர் சாவோ பல்லாயிரம் என்னும் மதிப்பீட்டளவில் நிற்கின்றது.

இக்காலத்தே தமிழர் இருவேறு கொடிகளின் கீழ்ப் படைஞராயினர் என்பதும் கருதத்தக்கது. 'மறக்குடி'க் கொள்கையால் சென்னைப் படைப்பிரிவை 1920களிற் கலைத்துவிட்ட ஆங்கில அரசு, ஆள் தேவைப்பட்டவுடன் 1941இல் அதனை மீண்டும் அமைத்தது. 1939இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இந்தியப் படை 1945இல் இருபத்தைந்து இலட்சமாயிற்று. மறுபுறம், 1943 சூலைத் திங்களில் சுபாசு சந்திரபோசு தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தொழிலாளரும் கடைப் பணியாளரும் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் சான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1944இல் இம்பால், கோகிமாப் போர்முனைகளில் இரு படைகளிலும் தமிழர் இருந்தனர். ஒரு வேந்தனுக்காக ஒரு மறவன் என்னும் புறப்பாட்டு நிலை அங்கே பொருளற்றதாயிற்று.

4. மனையில் நிகழ்ந்தது

நேமத்தான்பட்டியிற் குண்டு விழவில்லை, பகைப்படை வரவில்லை. இரங்கூனில் விழுந்த குண்டு இவ்வூர்ப் பேரேட்டில் வெடித்தது. கடல் கடந்து வந்த பணம் நின்றது. அதற்குமுன் கடிதம் நின்றது. அப்பகுதி வீடொன்றில் பழைய தகரப் பெட்டியில் இருந்த மலாயாக் கடிதங்களைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விசு ஆண்டு கார்த்திகையில் ஒரு கடிதம். அதற்கடுத்தது பார்த்திப ஆண்டு ஐப்பசியில். இடையே 1941 இறுதி முதல் 1945 இறுதி வரை நான்காண்டு. முன்னதில், வரப்போகும் திருமணச் சீரும் பேசி முடித்த வட்டியும் எழுதப்பட்டுள்ளன. பின்னதில் 'உயிரோடிருக்கிறோம்' என்னும் செய்தியை அடுத்து, யார் யார் இல்லை என்னும் வரிசை வருகின்றது. அவ்விடைக்காலத்தைப் பற்றி எழுத்தேதும் இல்லை. மனை முனையின் வரலாறு அவ்வெற்றிடத்திலேதான் உள்ளது.

அவ்விடைக்காலத்துப் பெண்டிர் நிலையைச் சற்று எண்ணுக. கணவன் இறந்தான் என்று தாலி களைதற்கும் சான்றில்லை; இருக்கிறான் என்று மங்கலம் கொண்டாடுதற்கும் உறுதியில்லை. தொல்காப்பியர் கைம்மை நோன்பைத் தாபத நிலை என்றார். பிரிவாற்றுதலைப் பாலையில் வைத்தார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இந்நிலைக்கு நம் இலக்கணத்திற் பெயரில்லை.

செல்வர் இல்லங்களே இடருற்றன என்று கொள்ளற்க. அவ்வில்லங்களின் கட்டுமானத்தை நம்பி வாழ்ந்த கொத்தரும் தச்சரும் வேலையிழந்தனர். ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் வந்த பர்மா அரிசி நின்றமையால் அரிசிப் பஞ்சம் நாடெங்கும் பரவிற்று. வங்கத்தில் 1943இல் அது பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. தமிழகத்தில் 'ரேஷன்', 'கள்ளச் சந்தை' என்னும் சொற்கள் ஊர்ப்புறத்து மக்களின் நாவிலும் ஏறின. முதற்போரில் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைச் சுட்ட ஒரு கப்பல், 'எம்டன்' என்னும் சொல்லைச் சூழ்ச்சிக்காரன் என்னும் பொருளில் தந்துசென்றது. இரண்டாம் போர் தந்த சொற்களோ அடுப்பங்கரையைச் சார்ந்தவை. இச்சொல் வேற்றுமையே இரு போர்களின் வேற்றுமையையும் காட்டும். 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் தாக்கப்பட்டபோது சென்னை மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையாயிற்று. திருவாடானைச் சிறையை உடைத்து மக்கள் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். அயல்நாட்டுச் செய்திக்கு ஏங்கியிருந்த வட்டாரம் உள்நாட்டு அடக்குமுறையையும் உடன் தாங்கிற்று.

5. போர் முடிந்தபின்

1945இல் துப்பாக்கி ஓய்ந்தது. மனையின் போர் ஓயவில்லை. மலாயாவில் கடன்பட்டோர் பலர், சப்பானியர் அச்சிட்ட 'வாழைமர' நோட்டுகளால் பழங்கடனைத் தீர்த்திருந்தனர். போர் முடிவில் அவை வெறுந்தாள்களாயின. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டது, எஞ்சியோரும் திரும்பினர். சென்னையிலும் காரைக்குடியிலும் உள்ள பர்மா குடியிருப்புகளின் பெயர்கள் அத்திரும்புதலின் சுவடுகள். இவையெல்லாம் போரின் விளைவே எனல் மிகையாகும். பர்மிய நாட்டுணர்ச்சி போருக்கு முன்பே வளர்ந்திருந்தது. எனினும் நிகழக்கூடிய மாற்றத்தை நிகழ்ந்தே தீரும் மாற்றமாக்கியது போரே என்பது என் துணிபு.

மீண்ட படைஞர் நிலையும் இரங்கத்தக்கது. இந்திய தேசிய இராணுவத்தார் விடுதலை இந்தியாவின் படையிற் சேர்க்கப்படவில்லை. விடுதலை வீரர்க்கான மைய அரசின் ஓய்வூதியம் 1972இல்தான் வந்தது. இந்நிலையை நுட்பமாக வடித்தவர் சிங்கம்புணரியிற் பிறந்து, போர்க்காலத்தில் மேடானில் வாழ்ந்து, 1946இல் திரும்பிய ப. சிங்காரம். அவருடைய 'கடலுக்கு அப்பால்' (1959) புதினத்தில், படையிலிருந்து மீண்ட கடைப்பையன் செல்லையாவுக்கு முதலாளி தம் மகளைத் தர மறுக்கின்றார். துப்பாக்கி ஏந்திய கை கணக்கெழுத உதவாது என்பது அவர் கருத்து. புறப்பாடல்களில் மறம் மணத்திற்குத் தகுதி. இங்கே அதுவே தடை. வணிகக் குடியின் அறமும் படைஞனின் அறமும் மோதும் இவ்விடம் தமிழ்ப் புறவிலக்கிய வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் முழுப்போர் என்பது களம் விரிவடைந்த போர் மட்டுமன்று என்பதும், புறம் அகத்துள் புகுந்த போர் என்பதும் விளங்கும். வாகையும் தும்பையும் இதற்குப் பொருந்தா. நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சியே இதற்குரிய திணை. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் போர்ப்பாட்டைப் பரணியோடு முடித்துவிடுகின்றன. சர்மாவின் பயண நூலையும் சிங்காரத்தின் புதினங்களையும் பயண இலக்கியம், புதினம் என்று தனித்தனியே வைக்கின்றோம். அவை இருபதாம் நூற்றாண்டின் காஞ்சி நூல்கள் என ஒருங்குவைத்துக் கற்றல் வேண்டும்.

பண்டையோர் களத்தில் வீழ்ந்தவனுக்குப் பெயரெழுதிக் கல் நட்டனர். கோகிமாவிலும் இம்பாலிலும் படைஞர்க்குக் கல்லறைகள் உள. மலைவழியில் வீழ்ந்தவர்க்கும் தண்டவாளத்தின் கீழ் வீழ்ந்தவர்க்கும் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்க்குள்ள கல், செட்டிநாட்டுப் பெட்டகங்களில் உறங்கும் கடிதங்களும் பேரேடுகளுமே. பெருவீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தும், இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் விலைபோயும் வருகின்ற இந்நாளில், பெட்டியிலுள்ள தாள் எடைக்குப் போகின்றது. யான் கண்ட அத்தகரப் பெட்டியும் வீடு பிரிக்கும் நாளில் பழந்தாள் வணிகரிடம் செல்ல இருந்ததே. பட்டமேற்படிப்பு மாணவர் சங்கப் பாடல்களுக்கு எழுதும் ஆய்வேடுகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும் இக்கடிதங்களைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் பணியாக அமையுமாயின், பெயரற்றார் பலர் பெயர் பெறுவர். அப்பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்குதல் நம் கடன்.