ஏடு காத்த குடிநீர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தான்தோன்றீச்சரர் கோயிலாற் சிறப்புற்ற கொக்கட்டிச்சோலை மரத்தாற் பெயர்பெற்ற ஊராகும். தடிமனுக்கும் இருமலுக்கும் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தல் அங்கு இல்லந்தோறும் அறிந்த வழக்கம். ஆயின், சரக்கை அறிதல் வேறு. மருத்துவத்தை அறிதல் வேறு. இவ்வேறுபாட்டைச் சீனத்துக் குடிநீர் ஒன்றன் வரலாறு விளக்கும்.

கீழை ஹான் பேரரசு நலிவுற்ற காலத்தே வாழ்ந்த மருத்துவர் சாங் சுங்-சிங். இருநூற்றுக்கு மேற்பட்ட தம் சுற்றத்தாருள் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் மாண்டனர் என்றும், அவருட் பதின்மருக்கு எழுவர் குளிர்க்காய்ச்சலால் இறந்தனர் என்றும் அவரது நூன்முகம் கூறும். அத்துயரினின்று கி.பி. 200 ஐ ஒட்டி எழுந்ததே அவரது மருத்துவ நூல். காய்ச்சலைப் பற்றிய அதன் பகுதி 'சாங் ஹான் லுன்' எனப்படும். அதிற் காணும் மா ஹுவாங் குடிநீரில் நான்கே சரக்குகள்: மா ஹுவாங் தண்டு, சீனக் கறுவாக் குச்சி, பாதாமிப் பருப்பு, அதிமதுரம். குளிரும் உடல்நோவும் மூச்சிரைப்பும் இருந்து, வியர்வை இல்லாதவிடத்து இது கொடுக்கப்பட்டது. தொண்டை வறண்டோரையும் மூக்கிற் குருதி வடிவோரையும் வியர்ப்பித்தல் ஆகாது என அந்நூல் விலக்கவும் செய்தது.

இவ்விலக்கு பொருளுடையது. 1885 இல் யப்பானியரான நாகாய் நாகயோசி மா ஹுவாங்கிலிருந்து எபிட்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1924 இல் பீக்கிங்கிலிருந்த சென், சிமித் இருவரும் அதன் செயலை ஆராய்ந்து வெளியிட்டனர். மூச்சுக்குழாயை விரிக்கும் அப்பொருளே இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவது. ஆதலின், எவர்க்குக் கொடுத்தல் ஆகாது என்னும் அறிவு மருந்தினும் அரியதாகின்றது.

அவ்வறிவும் அழிந்திருக்கக்கூடும். சாங்கின் நூல் போர்களாற் சிதறியது. மூன்றாம் நூற்றாண்டில் வாங் சூ-ஹ என்பார் அதனைத் தேடித் தொகுத்தார். 1065 இல் சொங் அரசு ஆய்ந்து அச்சேற்றியது.

ஈழத்திலும் இத்தகைய தொண்டு நிகழ்ந்ததுண்டு. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பதிப்பித்தார். 'மட்டக்களப்பு மான்மியம்' எஃப். எக்ஸ். சி. நடராசாவின் முயற்சியால் 1962 இல் அச்சேறியது. எனினும், எவர்க்கு, எவ்வளவு, எப்பத்தியத்தோடு என்று வாய்மொழியாய்க் கற்ற பரிகாரியின் அறிவு அவரோடு மறைவது. 1987 இலும் 1991 இலும் படுகொலைகளைக் கண்ட கொக்கட்டிச்சோலையில் அவ்விழப்பின் பொருளை விரித்துரைத்தல் வேண்டா. போரிற் சிதறிய சீன ஏட்டுக்கு ஒரு வாங் சூ-ஹ வாய்த்தார். படுவான்கரைப் பரிகாரிமாரின் அறிவை, அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதுதல் இன்றைய மாணவர் கடனாகும்.