அண்ணாமலைநகர் மாநாடும் தமிழிசையும்

பல்கலைக்கழகத்தின் பணி, பாடம் நடத்துதலும் பட்டம் வழங்குதலும் ஆகிய இரண்டனுள் அடங்குவதன்று. ஆராய்ந்து கண்டதை ஊரறிய உரைத்தலும், ஊரார் பேணிவந்த கலையைத் தன் அவைக்கு அழைத்துப் போற்றுதலும் அதன் கடமைகளேயாம். இவ்வகைப் பொதுநிகழ்ச்சிகளுட் பல நடந்த நாளோடு மறைந்தன, சிலவே வரலாறாயின. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை, 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாட்டைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மாநாடு கூடிய களத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1920இல் தோன்றிய மீனாட்சி கல்லூரியை அடிப்படையாகக் கொண்டு, அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் எழுந்தது இப்பல்கலைக்கழகம். இசையும் அங்குப் பாடமாயிற்று. அதனைச் சூழ்ந்த நிலமோ கீர்த்தனை பிறந்த நிலம். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் சீர்காழியோடு தொடர்புடையவர்கள். மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன் என்னும் ஊரினர். ஆயினும் அக்காலத்துக் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழி உருப்படிகளே முதலிடம் பெற்றன. தமிழ்ப்பாட்டு, இறுதியிற் பாடப்பெறும் துக்கடாவாகப் பெரும்பாலும் ஒதுங்கி நின்றது.

இந்நிலையை மாற்றக் கருதிய அண்ணாமலைச் செட்டியார், தமிழ்ப்பாடல்களை வளர்த்தற்பொருட்டு 1940இல் பதினாயிரம் ரூபாய் அளித்தார். அடுத்த ஆண்டு மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப்பாடல்கள் மிகுதியாகப் பாடப்பெறுதல் வேண்டும் என்பதே அதன் கருத்தின் சாரம். இராசாசி, சண்முகம் செட்டியார், டி. கே. சிதம்பரநாத முதலியார், கல்கி முதலியோர் இவ்வியக்கத்திற்குத் துணைநின்றனர். மறுபுறத்தே, சென்னை மியூசிக் அகாதெமியைச் சார்ந்தோர், இசையின் தரமே நோக்கத்தக்கது. மொழிநோக்கால் அத்தரம் குன்றுதல் ஆகாது என்றனர். இசைக்கு மொழி உயிரோ, உடையோ என்னும் வினா இங்ஙனம் பொதுமேடை ஏறிற்று.

இவ்வழக்கில் இருதிறத்தாரும் கூறியவற்றை மட்டும் தொகுத்து அமைதல் வரலாற்றாசிரியனுக்குப் போதாது. சொல்லப்படாத இடர் ஒன்று அடியில் இருந்தது. தியாகராசர் முதலியோரின் உருப்படிகள், ஆசிரியர் மாணாக்கர் வழியாக மெட்டோடு வந்தவை. பழந்தமிழ்க் கீர்த்தனைகளுட் பலவற்றிற்கோ சொல் எஞ்சியது; மெட்டு மறைந்தது. பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றிருப்பினும், அக்குறிப்பைக் கொண்டே பண்டைப் பாடும் முறையைக் காணுதல் இயலாது. எனவே, 'தமிழிற் பாடுக' என்று தீர்மானித்தல் எளிதாயினும், 'எதனை, எவ்வாறு பாடுவது?' என்னும் இசைவாணரின் வினாவிற்குத் தீர்மானம் விடையாகாது.

அவ்விடையைத் தந்தது மாநாட்டின் பின்னர் நிகழ்ந்த பணியே. மெட்டு மறைந்த பாடல்களுக்கு இசைவல்லார் புதிய மெட்டமைத்தனர். பல்கலைக்கழகம் அவற்றைச் சுரதாளக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1949 முதல் அச்சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நிகழ்ந்தன. 1952இல் இராசா அண்ணாமலை மன்றம் திறக்கப்பெற்றது. பேச்சு நூலாயிற்று, நூல் பயிற்சியாயிற்று, பயிற்சி மேடையைச் சேர்ந்தது. இத்தொடர்ச்சியே அம்மாநாட்டை வரலாறாக்கியது என்பது நம் துணிபு.

ஆராய்ச்சி மாணவர் இங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். அத்தொகுதிகளிற் காணும் மெட்டைக் கொண்டு, பாடலாசிரியர் காலத்து இசையை அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் பிழையாகும். பாட்டின் காலம் வேறு. மெட்டின் காலம் வேறு. முத்துத்தாண்டவரின் காலத்தைப் பற்றியே கருத்துவேறுபாடுகள் உள. அவர்தம் கீர்த்தனைகளின் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பு, சொல்லிலேயே விளங்குவதாகலின் ஏற்ற சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் அமைந்த மெட்டோ, அந்நூற்றாண்டின் இசைக்கே சான்றாகும். முன்னைய சுரக்குறிப்போ, இடையறாது வந்த பாடல்மரபோ உள்ளவிடத்து மட்டும் இதனின் வேறாகக் கூறலாம். இதனால் தொகுதிகளின் பெருமை குறையாது. மாறாக, மீட்டெடுத்தவரின் உழைப்பு அவர்க்கே உரியதாகத் தெளிவுறும்.

அவையும் நூலும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதைத் தமிழர் அரங்கேற்றம் என்னும் மரபால் முன்னரே அறிந்திருந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முன்னர்த் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகளின் யாழ்நூல், 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அங்கு நூல் முன்னும் அவை பின்னும் அமைந்தன. அண்ணாமலைநகரிலோ அவை முன்னும் நூல் பின்னும் அமைந்தன. முறை எதுவாயினும், இரண்டனுள் ஒன்று இல்வழி மற்றது நிலைபெறாது.

இன்றும் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளும் கலைவிழாக்களும் நிகழ்கின்றன. அவற்றின் சிறப்பை வந்தோர் தொகையால் அளத்தல் தகாது. உரை அச்சேறியதா, அவையில் எழுந்த தடைவிடைகள் பதிவாயினவா, பாடிய பாட்டு அடுத்த மாணவனுக்குக் கற்கக் கிடைத்ததா என்னும் வினாக்களே உரிய அளவுகோல்களாம். பந்தல் பிரித்தபின் எஞ்சுவது எதுவோ, அதுவே பல்கலைக்கழகம் நாட்டிற்கு அளித்த கொடை.