நாகலகம் வீதியின் அளவுகோல்

கொழும்பில் வெள்ளச் செய்தி எழுதிய எவரும் கிராண்ட்பாஸின் நாகலகம் வீதியை அறிவர். களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் அங்குதான் உள்ளது. 5 அடி சிறு வெள்ளம். 7 அடி பெருவெள்ளம். 9 அடி அபாயம். அடைமழை இரவுகளில் கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் அந்த எண்ணைக் கேட்டறிவது எங்கள் வழக்கம்.

1947 ஆகஸ்டில் நீர் 12 அடியைத் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடியை. 2016 மே மாதத்தில் 7 அடியை. வெள்ளம் குறைந்து வருகிறது என்றுதானே இதைப் பார்ப்பவர் நினைப்பார்? நானும் அவ்வாறு நினைத்தவன்தான்.

பெருந்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கீசப் பெயரே கிராண்ட்பாஸ் ஆயிற்று. 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை, படகுகளைக் கோத்த மிதவைப் பாலத்தில்தான் மக்கள் ஆற்றைக் கடந்தனர். அக்காலத்திலேயே ஆற்றின் தலைப்பகுதி மாறத் தொடங்கிவிட்டது. களனி ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர் நிலத்தின் மழையை வடித்து வருவது. அதன் உச்சியிலுள்ள டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் முதலில் கோப்பிக்காகவும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவருடையவை. வெட்டச் சொன்னவர்கள் வேறு. மரமிழந்த சரிவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்து ஓடிவரும். கியூ தாவரப் பூங்காவின் ஹூக்கர் 1873இல் எச்சரித்த பின்னரே, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதற்குத் தடை வந்தது. அதற்குள் கீழ்ச்சரிவுகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

கீழே நடந்தது இதற்கு நேர்மாறு. கட்டடங்களுக்காக மணலை அள்ளியதில் ஆற்றின் அடித்தளம் பல இடங்களில் தாழ்ந்தது. தாழ்ந்த ஆற்றில் அதே உயரத்துக்கு ஓடும் நீர் முன்னையதைவிடக் கூடுதலானது. ஆகவே பழைய அடியும் புதிய அடியும் ஒன்றல்ல. தாழ்ந்த ஆற்றுக்குள் கடல்நீரும் ஏறியது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் அதைத் தடுக்க வறட்சிக் காலங்களில் மணல்மூட்டைகளை அடுக்க வேண்டியதாயிற்று. இன்னொருபுறம், நீரைத் தாங்கிய கொலன்னாவைச் சதுப்புகள் நிரப்பப்பட்டு வீடுகளாயின. 2016இல் 7 அடி வெள்ளத்திலேயே அவ்வீடுகள் மூழ்கின.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாகலகம் வீதியில் நீர் மீண்டும் பெருவெள்ள எல்லையைத் தாண்டியது. அன்றும் பலர் என்னிடம் கேட்டது ஒன்றே: "எத்தனை அடி?"